அந்தப் பெட்டியில் எதை அமுக்குவது?

“இந்தப் பெட்டி வந்தா நான் எப்பவும் ரெண்டாவதைத்தான் சார் அமுக்குவேன். கன்டினியூன்னு போட்டிருக்குல்ல.”

மதுரைக்கு மேற்கே ஒரு கல்வி நிறுவனத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் என்னிடம் சொன்னது இது. பதினோரு வருடமாக அதே நாற்காலி. எக்ஸெலில் ஒரு பத்தியை (column) மட்டும் தேர்ந்தெடுத்து ‘சார்ட்’ (sort), அதாவது வரிசைப்படுத்து என்று கொடுத்தால் ஒரு சின்னப் பெட்டி எழும். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து வரிசைப்படுத்தவா, இதை மட்டும் வரிசைப்படுத்தவா என்று கேட்கும். சேர்த்துச் செய்வதற்கு முதல் வரி. ‘கன்டினியூ’ என்று தொடங்கும் இரண்டாவது வரியை அமுக்கினால் மதிப்பெண்கள் மட்டும் இடம் மாறும். பெயரும் பதிவெண்ணும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

68 மாணவர்களின் அக மதிப்பெண் பட்டியலில் அதுதான் நடந்தது. அதிகபட்சம் யார் எடுத்திருக்கிறார் என்று பார்க்க வரிசைப்படுத்தியவர், அப்படியே சேமித்துவிட்டார். முதல் பதிவெண்ணுக்கு 25க்கு 25. அதற்கடுத்து 24, 24, 23. ஓர் இடத்தில்கூட ஏறாமல் இறங்கிக்கொண்டே வந்து கடைசிப் பதிவெண்ணுக்கு 9. மாணவர்களின் திறமை பதிவெண் வரிசையில் இறங்குமா என்று துறை ஆசிரியர் ஒருவருக்குச் சந்தேகம் வந்ததால் தப்பித்தது. கையால் எழுதிய பழைய பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து சரிசெய்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு மெமோ.

நான் பயிற்சி நடத்தப் போனபோது அந்த மெமோவையும் காட்டினார், அதே இழுப்பறையில் இருந்த மூன்று பயிற்சிச் சான்றிதழ்களையும் காட்டினார். அதில் ஒன்று கணினித் திறன் மேம்பாட்டுப் பயிலரங்கில் முழுமையாகப் பங்கேற்றதற்கு. அன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். “கம்ப்யூட்டர் எப்படி வளர்ந்துச்சுன்னு திரையில காட்டினாங்க சார். நாங்க யாரும் மவுஸைத் தொடல.”

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அப்படிப்பட்ட வகுப்புகளை நானும் எடுத்திருக்கிறேன். பதினாலு வருடமாகத் தென் மாவட்டக் கல்லூரி, பல்கலைக்கழக அலுவலகங்களில் ஆசிரியரல்லாத பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். முதல் சில வருடங்கள் என் கையில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு பவர்பாயின்ட் கோப்பு. மேலூர் போனாலும் அதுதான், திருமங்கலம் போனாலும் அதுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் பதிவறைக்காரரா, கணக்குப் பிரிவா, விடுதி அலுவலகமா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு பாதை இருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு அவர்களுக்கென்றே பயிற்சிக் கல்லூரிகளைத் தொடங்கியது. பெயர் மாறி மாறி இன்று அவை மாளவியா மிஷன் மையங்கள். புத்தொளிப் பயிற்சி முடிக்காமல் பதவி உயர்வு நகராது என்பதால் அவர்கள் எப்படியாவது போய்விடுகிறார்கள். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் பவானிசாகரில் இருக்கும் அரசுப் பயிற்சி நிலையத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறார், துறைத் தேர்வு எழுதுகிறார். என் வகுப்புகளுக்கு வந்த பல்கலைக்கழக எழுத்தர்களில் அப்படி எங்கும் போய் வந்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பக்கத்து சீட் அண்ணன் சொல்லிக்கொடுத்ததுதான் அவர்களுடைய படிப்பு. அந்த அண்ணன் தப்பாகச் செய்துகொண்டிருந்தால் அந்தத் தப்பும் சேர்ந்தே வருகிறது.

அப்புறம் எதற்குப் பயிலரங்கு நடக்கிறது? கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் (NAAC) குழுவின் மதிப்பீட்டில், நிர்வாகம் பற்றிய ஆறாவது அளவுகோலில், ஆசிரியரல்லாதவர்களுக்கு எத்தனை பயிற்சி நடத்தினீர்கள் என்ற கேள்வி இருந்து வந்திருக்கிறது. நல்ல கேள்விதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் பல இடங்களில் ஒரு பயிற்சிகூட நடந்திருக்காது. ஆனால் பேனர், ஜியோடேக் போட்டோ, வருகைப் பதிவு, கருத்துப் படிவம் இவை நான்கும் சேர்ந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். பத்து மணிப் பயிலரங்கு குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்றுப் பொன்னாடை போர்த்தி முடிய பதினொன்றே கால் ஆகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் சீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள், ஏனென்றால் கவுன்டரில் மாணவர்கள் நிற்கிறார்கள். பல நேரம் பிரிவுக் கண்காணிப்பாளர் வேலை குறைவாக இருப்பவரைத்தான் பயிற்சிக்கு அனுப்பிவைக்கிறார். மூன்று சீட் வேலையை ஒற்றை ஆளாகச் சுமப்பவருக்குத்தான் பயிற்சி முதலில் வேண்டும், அவரை விட்டால் பிரிவு நின்றுவிடும் என்று அனுப்ப மாட்டார்கள்.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஒரு வாரம் முன்னதாகப் போய் இரண்டு நாள் அந்த அலுவலகத்தில் சும்மா உட்காருகிறேன். தபால் எந்த மேஜையில் தேங்குகிறது, எந்தப் பதிவேட்டை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதுகிறார்கள், எந்தக் கேள்விக்கு மாணவர் மூன்று முறை வந்து போகிறார் என்று பார்த்தால் பாடத்திட்டம் தானே வந்துவிடும். ஒரு குழுவில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். முழு நாளைவிட இரண்டு அரைநாள் நல்லது, நடுவில் பதினைந்து நாள் இடைவெளி இருக்க வேண்டும். முதல் அரைநாளில் கற்றதைத் தன் சீட்டில் செய்து பார்த்துவிட்டு, எங்கே மாட்டிக்கொண்டார்களோ அதை இரண்டாம் அரைநாளுக்குக் கொண்டுவருவார்கள். உண்மையான படிப்பு அந்த இரண்டாம் நாளில்தான் நடக்கிறது. அட்மிஷன் மாதங்களிலும் ரிசல்ட் நேரத்திலும் வைக்காதீர்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் வைத்தால் மதுரையில் யார் வருவார்கள்? ஐந்து மணிக்கு மேலும் வேண்டாம். உசிலம்பட்டிக்கும் செக்கானூரணிக்கும் பஸ் பிடிக்க வேண்டிய பெண்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படி உட்கார்ந்து பார்த்ததில் எல்லா அலுவலகத்திலும் கண்ட ஒரு சிக்கல், பெயர்.

ஒரு மாணவியின் பெயர் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் ‘மு. செல்வி’ என்று இருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பம் ‘லாஸ்ட் நேம்’ கேட்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு ஊழியர் அந்தக் கட்டத்தில் ‘மு’ என்று போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை விரித்து எழுதுவார், மூன்றாமவர் புள்ளி வைத்து நிரப்புவார். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆதாரில் ஒரு மாதிரி, டிசியில் ஒரு மாதிரி. இன்றைக்குச் சின்ன விஷயமாகத் தெரிவது, ஐந்து வருடம் கழித்து அந்தப் பெண் பாஸ்போர்ட்டும் பட்டமும் பொருந்தவில்லை என்று வெளிநாட்டு வேலையை இழந்து அதே கவுன்டருக்கு வந்து நிற்கும்போதுதான் எவ்வளவு பெரியது என்று புரியும். இதற்கு என் வகுப்பில் முழுசாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்குகிறேன். எந்த ஆவணத்தை மூலமாக எடுத்துக்கொள்வது, இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, சந்தேகம் வந்தால் யார் முடிவு செய்வது என்று அந்த அலுவலகத்தாரே பேசி முடித்து, ஒரு பக்கத்தில் எழுதி, சுவரில் ஒட்டிய பிறகுதான் அடுத்த பாடம்.

இதோடு ஒட்டியது தமிழ் எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை 2010இலேயே தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுவிட்டது. தமிழ்99 விசைப்பலகை வந்து அதைவிடப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் நம் அலுவலகங்களில் ஏராளம். அவற்றில் தமிழ் வடிவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். தேடினால் கிடைக்காது, அகர வரிசையிலும் வராது. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு கண்காணிப்பாளர், “அப்ப இருபது வருஷமா நாங்க அடிச்சது தமிழே இல்லையா தம்பி?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அடித்தது தமிழ்தான் ஐயா, கணினிக்குத்தான் அது தமிழ் என்று தெரியவில்லை என்றேன். அதை மாற்றும் மென்பொருள் இருக்கிறது. மாற்றியதை ஒவ்வொரு பெயராகக் கண்ணால் சரிபார்க்கும் பொறுமைதான் பயிற்சியில் வர வேண்டியது.

மற்ற எக்ஸெல் பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவெண் பூஜ்யத்தில் தொடங்கினால் பூஜ்யம் காணாமல் போகும், ஆதார் எண்ணின் 12 இலக்கம் சுருங்கி வேறு வடிவில் தெரியும், பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறும். பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று வைத்துவிட்டுத் தட்டச்சு செய்தால் எண்கள் அடித்தபடியே நிற்கும், தேதியும் தானாக மாறாது. பத்து நிமிடப் பாடம்.

சட்டம் பற்றிய வகுப்புக்கு யாரும் ஆசையாக வருவதில்லை, ஆனால் அதைத் தவிர்க்கவே கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 வந்து இத்தனை வருடமாகியும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது கோப்பை வைத்திருக்கும் உதவியாளருக்குத் தெரிவதில்லை. தாமதமானால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். அது பொதுத் தகவல் அலுவலர் தலையில்தானே என்று நினைக்கிறார்கள். அவர் உதவி கேட்ட அலுவலரும் அந்தச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலராகவே கருதப்படுவார் என்று ஐந்தாம் பிரிவு சொல்கிறது. இதைச் சொன்னதும் அறையில் ஒரு அமைதி விழும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. ஊழியர்களுக்குப் பயிலரங்கு நடத்த வேண்டியது வேலை தருபவரின் கடமை என்று அதிலேயே இருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று தனி விதிமுறை, 2015 என்ற பெயரில், 2016இல் வந்தது. கூட்டிப் பெருக்கும் அக்கா, ஒப்பந்தத்தில் டேட்டா அடிக்கும் பெண், விடுதிச் சமையலம்மா எல்லாரும் அதன் பாதுகாப்பில் இருக்கிறார்கள். ஆனால் வகுப்பில் அவர்களை நான் பார்ப்பது அபூர்வம், பட்டியலில் நிரந்தரப் பணியாளர் பெயர்கள்தான் வருகின்றன. தொகுப்பூதியக்காரரையும் தினக்கூலியையும் சேர்த்தால்தான் வருவேன் என்று இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு முறை அப்படி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, உள்ளகப் புகார்க் குழுத் தலைவரின் அறை எது என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூடப் போய் அறையைக் காட்டினேன்.

ஆவணங்களைக் காப்பதும் இப்படித்தான். ஒரு கல்லூரிக்கு எதிர்க் கடையில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாள் ஒரு சேர்க்கை விண்ணப்பம். மாணவியின் புகைப்படம், செல் நம்பர், வீட்டு முகவரி, எல்லாம் எண்ணெய் ஊறிக் கையில் இருந்தது. பழைய பேப்பர்காரருக்குப் போட்டவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்றோ, கிழித்துப் போடும் இயந்திரம் வாங்க ஒரு நோட் ஃபைல் எழுதலாம் என்றோ அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கவுன்டர் பேச்சுக்கு நான் விரிவுரை எடுப்பதில்லை. ஊழியரை வெளியே நிற்கவைத்து, இன்னொரு ஊழியரை உள்ளே உட்காரவைக்கிறேன். வெளியே நிற்பவர் கம்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மாணவர். உள்ளே இருப்பவர் சலான் இல்லை என்று அனுப்புகிறார். மாணவர் திரும்பி வந்தால் போட்டோ இல்லை என்கிறார், அடுத்த முறை முதல்வர் கையெழுத்து இல்லை என்கிறார். மூன்றாவது முறை, வெளியே நிற்கும் ஊழியருக்கே கோபம் வந்துவிடுகிறது. என்னென்ன வேண்டும் என்று ஒரே சீட்டில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று அவர்களே கேட்கிறார்கள். சரி, அதையும் சொல்ல வேண்டும்: உள்ளே இருப்பவரின் கஷ்டமும் அந்த விளையாட்டில்தான் வெளியே வருகிறது. மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்க்கிறார், நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறார். அதை அதிகாரிகள் காதில் விழும்படி சொல்வதும் என் வேலை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1966இல். அஞ்சல்வழிப் படிப்பு 1971இல் வந்தது. 1990 வரை நெல்லை, குமரிப் பிள்ளைகளின் பட்டங்களும் மதுரையிலிருந்தே போயின. அந்தக் காலத்துச் சான்றிதழின் உண்மைத் தன்மை கேட்டு இன்றும் கடிதம் வரலாம். இவ்வளவு வயதான ஆவணங்கள் உள்ள எந்த நிறுவனமானாலும், எந்த வருடப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது ஒரு மூத்த ஊழியரின் தலையில்தான் இருக்கும். அவர் ஓய்வுபெறும் நாளில் மாலை போட்டு வழியனுப்புகிறோம். அதற்கு ஆறு மாதம் முன்னால் அவரைப் பயிற்றுநராக உட்காரவைத்து, இரண்டு இளையவர்களைப் பக்கத்தில் நோட்டோடு உட்காரவையுங்கள். வெளியிலிருந்து என்னைக் கூப்பிடுவதைவிட அது பலன் தரும்.

அந்தத் தேர்வுப் பிரிவு அம்மா இரண்டாம் அரைநாளுக்குத் தன் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த தற்காலிகப் பையன் ஒருவன். அவன் திரையில் அந்தப் பெட்டி எழுந்தது. அவன் கை மவுஸுக்குப் போவதற்குள் இவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“இரு தம்பி. மொதல்ல கேன்சல் பண்ணு. கோப்பை ஒரு காப்பி எடுத்து வச்சுக்க. அப்புறம் சொல்றேன்.”