பூத்தும் காய்க்காத செடிகள்

பாகல், பூசணி, சுரை போன்ற கொடிகளை முதன்முறையாக மாடியில் வளர்ப்பவர்கள், கொடி நிறையப் பூத்தும் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லையே என்று கலங்கி, உரக்கடைக்கு ஓடிப்போய் ஏதாவதொரு டானிக் வாங்கி வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. இக்கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியானவை. முதலில் வருபவை ஏறக்குறைய எல்லாமே ஆண் பூக்கள்தான். அவை ஒரு நாள் மலர்ந்து, மகரந்தத்தைத் தந்துவிட்டு உதிர்வது இயல்பு. பெண் பூ சில நாட்கள் கழித்தே தலைகாட்டும். இதழ்களுக்குக் கீழே, காம்பு சேருமிடத்தில், அந்தந்தக் காயின் வடிவிலேயே, பாகலில் முள்முள்ளாகவும் சுரையில் வெண்ணிற ரோமத்துடனும் ஒரு குட்டிக்காய் இருந்தால் அதுவே பெண் பூ.

அந்தக் குட்டிக்காய் மஞ்சளாகி விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும். மகரந்தம் வந்து சேரவில்லை என்பதே அதற்கு வழக்கமான காரணம். பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடுகிறது. சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்கின்றன. புடலையோ இருட்டிய பிறகு நூல் நூலான இதழ்களை விரித்து அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருக்கிறது. ஆகவே மூன்றாவது மாடிக்குத் தேனீ வருவதில்லை என்று கைச்சேர்க்கை செய்ய முனைபவர், எந்தக் கொடிக்கு எந்த நேரம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் எல்லாப் பக்கமும் படுமாறு தடவினால் போதும். ஒவ்வொரு விதை உருவாகவும் தனியாக ஒரு மகரந்தத்துகள் தேவை; வளரும் விதைகள் சுரக்கும் ஆக்சின் போன்ற ஹார்மோன்களே சுற்றியுள்ள சதையைப் பருக்கச் செய்கின்றன. ஒருபக்கம் சூம்பி வளைந்த காயை அறுத்துப் பார்த்தால், சூம்பிய பக்கத்தில் விதைகள் குறைந்திருப்பதைப் பல நேரங்களில் காணலாம்.

தக்காளியின் சிக்கல் வேறு. அதன் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருப்பதால், காற்றில் ஆடினாலோ, நீலவரித் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிட்டாலோ, நாமே பூங்கொத்தை விரலால் சுண்டினாலோ மகரந்தம் உதிர்ந்து சேர்க்கை நடந்துவிடும். ஆனால் மகரந்தம் உயிர்ப்புடன் இருக்க வேண்டுமே! தக்காளிக்கு உகந்த இரவு வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். சென்னையில் மே மாத இரவுகளின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பமே 27 டிகிரியைத் தாண்டுகிறது. பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய காங்கிரீட் தளம் இரவில் அதைத் திருப்பி உமிழ்வதால் மாடியில் புழுக்கம் இன்னும் கூடும். இந்த வெம்மை, பூ விரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் கட்டத்தைத் தாக்கிவிடுகிறது. எனவே இன்று உதிரும் பூவுக்கு இன்றைய வெயிலை மட்டும் குறைசொல்ல முடியாது. நிழல்வலை பகல் சூட்டைத் தணிக்கும். இரவு வெப்பத்தில் அதனால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது.

பூ எப்படிக் கழன்று விழுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. தக்காளிப் பூவின் காம்பை உற்றுப் பார்த்தால் நடுவில் விரல்கணுபோல ஒரு முண்டு தெரியும். கருவுற்ற சூலகத்திலிருந்து ஆக்சின் தொடர்ந்து வரும்வரை அந்தக் கணு உறுதியாக இருக்கும்; வரத்து நின்றதும், எத்திலீன் என்ற வாயு ஹார்மோனின் தூண்டுதலால் நொதிகள் அங்குள்ள செல்களின் பிணைப்பைக் கரைக்கின்றன. காய் பிடிக்காத பூவுக்காகச் செடி மேற்கொண்டு சர்க்கரையைச் செலவிடுவதில்லை. இதே எத்திலீன்தான், வேடிக்கையாக, பூசணிக் குடும்பக் கொடிகளில் பெண் பூக்களைக் கூட்டுகிறது. அவ்வாயுவை வெளியிடும் எத்ரல் மருந்தை இளங்கொடிகளுக்குத் தெளிக்குமாறு வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குப் பரிந்துரைப்பது இதனால்தான். வீட்டுக்கு அது தேவையில்லை. சுரையின் நுனியைக் கிள்ளிப் பக்கக்கிளைகளை வரவிட்டாலே பெண் பூக்கள் கூடும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டாமலும் இருக்க வேண்டும், இல்லையெனில் இலைதான் மிஞ்சும்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது மழையை எண்ணித்தான் என்றாலும், தக்காளிக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஆடியில் விதைத்த செடி பூத்துக் காய்க்கும் புரட்டாசி, ஐப்பசியில் இரவுகள் குளிரத் தொடங்கியிருக்கும். சித்திரையில் அதே தொட்டிகளில் வெண்டையும் கொத்தவரையும் போடலாம். அவை வெயிலுக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை.