பழைய காருக்குப் புதிய பிளக்: நம்பரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள்

சென்ற மழைக்காலத்தில் பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்றை எங்கள் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காலையில் சோக்கை முழுவதும் இழுத்தாலும் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை என்றும், அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலில் மிஸ் அடிக்கிறது, கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றினால் நின்றுவிடுகிறது என்றும் உரிமையாளர் சொன்னார். வேறு இடங்களில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரை ஒரு முறையும், பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டை இரண்டு முறையும் பார்த்துவிட்டார்கள். எஞ்சினுக்குள் பொறி விட்டு பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதால் அதை மட்டும் யாரும் கழற்றவில்லை. நான் கழற்றினேன். நான்கும் அரிக்கேன் விளக்கின் சிம்னி போலக் கறுத்து, தொட்டால் விரலில் கரி ஒட்டும் நிலையில் இருந்தன.

நல்லவேளையாக, மாற்றிய பழைய பிளக்குகளை அவர் டிக்கியில் வைத்திருந்தார். அவற்றில் டபிள்யூ8டிசி என்ற பாஷ் நிறுவனத்தின் குறி இருந்தது. புதியவற்றில் பி8இஎஸ் என்ற என்ஜிகே குறி. உதிரி பாகக் கடையில் அவர் "எட்டாம் நம்பர் பிளக்" என்று கேட்டிருக்கிறார், கடைக்காரரும் எட்டாம் நம்பரையே எடுத்துக் கொடுத்திருக்கிறார். இருவர் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த இரண்டு எட்டும் ஒரே எட்டு அல்ல.

பிளக்கின் முனை எரியறையில் வாங்கும் வெப்பம், பீங்கான் வழியாக இரும்பு உடலுக்கும் அங்கிருந்து எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் இறங்கியாக வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் நீளமாக இருந்தால் வெப்பம் மெதுவாக இறங்கும். அதைச் சூடான பிளக் என்கிறோம். குட்டையாக இருந்தால் விரைவாக இறங்கும். அது குளிர்ந்த பிளக். முனை ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அதன்மேல் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டினாலோ, பொறி விழும் முன்பே முனையே பெட்ரோல் கலவையைப் பற்றவைத்து பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். நம்பர் குறிப்பது இந்த வெப்பக் கணக்கைத்தான். என்ஜிகே, டென்சோ ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் கணக்கில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்தது. பாஷ், சாம்பியன் ஆகியவற்றின் கணக்கில் எண் கூடக் கூடச் சூடானது. பாஷ் 8க்கு இணை என்ஜிகேயில் 5, டென்சோவில் 16. பாஷ் 7க்கு இணை என்ஜிகேயில் 6, டென்சோவில் 20. ஆக, அந்த அம்பாசிடருக்குத் தேவையானதைவிட மூன்று படி குளிர்ந்த பிளக்கை மாட்டி, மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டியிருக்கிறார்கள். முனை ஒருநாளும் சூடேறவில்லை. கரி படிந்துகொண்டே போயிருக்கிறது. என்ஜிகேயின் பிபி5இஎஸ் நான்கு வாங்கி மாட்டியதும் சோக்கைப் பாதி இழுத்ததற்கே வண்டி பிடித்துக்கொண்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பெங்களூரில் 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனிதான் நம் ஊரில் "மைக்கோ பிளக்" என்ற பெயரை நிலைநாட்டியது; 2008இல் அந்த நிறுவனம் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் மூத்த ஓட்டுநர்கள் மைக்கோ என்றே கேட்கிறார்கள். அந்தக் காலத்துக் கையேடுகளில் 145, 175, 225 என்று மூன்று இலக்க எண்களைப் பார்க்கலாம். அவை இன்றைய பாஷ் எண்களுக்கு நேர்மாறாக, எண் கூடினால் குளிர்ந்தது என்ற பழைய முறையைச் சேர்ந்தவை. எனவே கையேட்டைப் பார்த்தாலும், அது எந்தக் காலத்துக் குறி என்று பார்த்து, இன்றைய இணை எண்ணை நிறுவனத்தின் அட்டவணையில் உறுதி செய்துகொண்டே வாங்க வேண்டும். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் பிளக்கைக் கடையில் காட்டி "இதே மாதிரி" என்று கேட்பதை நான் ஏற்பதில்லை. முப்பது ஆண்டு ஓடிய வண்டியில் கடைசியாக மாட்டியவர் சரியானதைத்தான் மாட்டினார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வெப்ப எண்ணில் குளிர்ந்த பக்கமாகத் தவறினால் பெரும்பாலும் பிளக் மட்டும்தான் வீணாகும். பிளக்கைத் திருகி மாட்டும் மரையின் நீளத்தில் தவறினால் ஹெட்டே வீணாகலாம். 14 மில்லிமீட்டர் மரை கொண்ட பிளக்குகளிலேயே 12.7 மில்லிமீட்டர் நீளமும் உண்டு, 19 மில்லிமீட்டர் நீளமும் உண்டு. என்ஜிகே குறியில் எண்ணுக்குப் பின் வரும் எச் என்ற எழுத்து முதலாவதையும் இ என்ற எழுத்து இரண்டாவதையும் குறிக்கும். குட்டையான பிளக் நீளமான துளையிலும் மாட்டிக்கொள்ளும், வண்டியும் ஓடும் என்பதுதான் ஆபத்து. மீதமுள்ள ஆறு மில்லிமீட்டர் மரையில் கரி இறுகிவிட, பிறகு ஒருநாள் சரியான பிளக்கை மாட்டும்போது கடைசிச் சுற்றுகளில் இறுகும். அதை மீறி ஸ்பேனரை அழுத்தினால் மாருதி 800 போன்ற அலுமினிய ஹெட்டில் மரை கழன்று பிளக்கோடு சுருளாக வெளியே வரும். அதன் பிறகு லேத் பட்டறைதான் கதி. நீளமான பிளக்கைக் குட்டைத் துளையில் மாட்டுவது அதைவிட மோசம், ஏனெனில் அது பிஸ்டனையோ வால்வையோ தொடக்கூடும்.

குறியில் ஆர் என்ற எழுத்து இருந்தால் உள்ளே சுமார் 5,000 ஓம் மின்தடை இருக்கிறது என்று பொருள். பாயிண்ட் வைத்த வண்டியில் அது இல்லாவிட்டால் ரேடியோ கரகரக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியில் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் குழம்பும். போலிகளைப் பிடிக்கவும் இதே தடை உதவுகிறது: ஆர் என்று அச்சிட்ட பிளக்கின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். தடையே காட்டாத பெட்டிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

"இரிடியம் போட்டால் பிக்கப் கூடுமா?" என்பது வாரம் ஒருவராவது கேட்கும் கேள்வி. இரிடியம் உலோகம் வைத்த பிளக்கின் நடுக்கம்பி பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர் அளவே மெல்லியது, சாதாரண நிக்கல் பிளக்கில் அது 2.5 மில்லிமீட்டர், ஆகவே குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி விழும், நெடுநாள் தேயாமலும் இருக்கும். ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் எஞ்சினில் அந்த ஆயுளை அது வாழப்போவதில்லை. பழைய வண்டிக்கு நிக்கல் பிளக்கை வாங்கி 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதே என் பரிந்துரை. மிச்சமாகும் பணத்தில் பிளக் வயரை மாற்றலாம்; பல வண்டிகளில் உண்மையான நோய் அங்கேதான் இருக்கிறது.

நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதில் முன்பைவிட நிதானம் தேவை. முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம், கரிய தூளாக இருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் என்பது பழைய பாடம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், தானாகச் சரிசெய்துகொள்ளத் தெரியாத கார்பரேட்டர் வண்டியில் கலவை மெலிந்து, முனை வெளிறித் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டுக் குளிர்ந்த பிளக்குக்கு மாறாதீர்கள். சரிசெய்ய வேண்டியது, கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சிலவே. பெட்டியில் இருந்து எடுத்ததை அப்படியே மாட்டாமல் மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜ் வைத்து, பொறி விழும் இடைவெளியைப் பாருங்கள். அந்த அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சினுக்கு 0.6 மில்லிமீட்டர், பிற்கால எம்பிஎஃப்ஐ வண்டிகள் பலவற்றுக்கு 1.1 வரை. பிளக்கின் தலையில் திருகிய சிறு நட்டு தளர்வாக இருந்தால் பிளையரால் இறுக்கிவிடுங்கள், அது ஆடினாலே மிஸ் அடிக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பின், துளையைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். வாஷர் ஹெட்டில் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவு. விரலால் திருகும்போது பாதியிலேயே இறுகினால், கழற்றி மறுபடி நேராக வைத்துத் தொடங்குங்கள்.