ஓட்டம் நின்ற பிறகு முதல் நிமிடம்

டிரெட்மில் பரிசோதனை என்றால் ஓடும்போது வரும் ஈசிஜியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். ஓட்டம் நின்ற முதல் நிமிடத்தையும் நான் விடாமல் பார்ப்பேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு ஈசிஜியில் குறையே இல்லை. ஆனால் 150 வரை ஏறிய நாடித்துடிப்பு, மெதுநடைக்கு மாறி ஒரு நிமிடம் ஆகியும் 142-இலேயே நின்றது. இந்த முதல் நிமிட இறக்கம் 12 துடிப்போ அதற்கும் குறைவாகவோ இருந்தவர்களிடம் அடுத்த ஆறு ஆண்டுகளில் இறப்பு அதிகம் என்று 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

"வைட்டமின் ஈ தவறாமல் சாப்பிடுகிறேனே டாக்டர்" என்றார். சிகரெட்டை மட்டும் விடவில்லை.

நரம்புகளின் பிடி இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். அதை 70 பக்கம் இழுத்துப் பிடிப்பது வேகஸ் நரம்பு. ஓட்டம் நின்றதும் துடிப்பை இறக்குவதும் அதுதான். முடுக்கிவிடுவது பரிவு நரம்பு. முடுக்கம் ஓயாமல் நீடித்தால் ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் கூடி, ரத்தக்குழாய்ச் சுவரிலேயே வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. இதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை அவை அழித்துவிடும். கெட்ட கொழுப்பையும் சிதைக்கும். அதை விழுங்கிய வெள்ளணுக்கள் சுவரிலேயே தங்கிக் கொழுப்புப் படிவாகும். சிகரெட் இரண்டு பக்கமும் அடிக்கிறது: புகை அந்த மூலக்கூறுகளைக் கொட்டுகிறது, நிகோடின் பரிவு நரம்பை விரட்டுகிறது.

அப்படியானால் அந்த மூலக்கூறுகளை அடக்கும் வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை காப்பாற்ற வேண்டுமே? 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டவர்களை நாலரை ஆண்டு கவனித்தார்கள். வைட்டமின் ஈ மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது போலத்தான் எனக்குப் படுகிறது.

அவருடைய விரல்களை அவர் மணிக்கட்டிலேயே வைத்து, மெல்ல மூச்சை விடச் சொன்னேன். மூச்சு வெளியேறும்போது துடிப்பு சற்று நிதானமாகும். அது வேகஸின் வேலை. அவருக்கு அந்த வித்தியாசம் லேசாகத்தான் தெரிந்தது. புகையை விட்டு, தினமும் வேக நடை நடந்தால் வேகஸின் பிடி மீண்டு வரும் என்றேன். நெஞ்சுவலி உள்ளவர்கள் தாங்களாக ஓடிச் சோதிக்கக் கூடாது. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கையே மாறும்.

அப்புறம், "குறட்டை உண்டா?" என்று கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார்: "நடுவில மூச்சே நின்னுபோகும் டாக்டர்." மூச்சு தடைபடும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் இறங்கி ஏறும், பரிவு நரம்பு சீறி எழும். தூக்கத்திலும் அவர் இதயத்துக்கு ஓய்வில்லை. தூக்கப் பரிசோதனைக்கு அன்றே எழுதிக் கொடுத்தேன்.