ஷெர்லாக்கைத் தகவமைத்தது யார்?

"கோனன் டாயில் கதைகளின் நவீனத் தொலைக்காட்சித் தகவமைப்பு." ஒரு தொடரைப் பற்றிய தமிழ்க் குறிப்பில் இப்படி இருந்தது. இந்தத் தகவமைப்பைப் போன மாதத்திலிருந்து அங்கங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனியும் பேசாமலிருந்தால் அகராதியில் ஏறிவிடும்.

ஆங்கிலத்து அடாப்டேஷனுக்கு லத்தீன் வேர், பொருத்துதல் என்று பொருள். உயிரியலுக்கும் கலைக்கும் அவர்களிடம் அந்த ஒரே சொல்தான். நம்மிடம் இரண்டு உண்டு. தகவமைப்பு உயிரியலுக்கு, தழுவல் கலைக்கு. தழுவு என்றால் அணைத்துக்கொள், சேர்த்துக்கொள், பின்பற்று. ஏறு தழுவுதலில் இருப்பதும் இலக்கணத்தின் தழுவுதொடரில் இருப்பதும் இதே சொல்தான். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

தகவமைப்பு மோசமான சொல் என்று நான் சொல்லவில்லை. ஒட்டகத்துக்கும் அலையாத்தி மரத்துக்கும் அது கச்சிதம். ஆனால் ஒட்டகம் உட்கார்ந்து யோசித்துத் திமிலை வளர்த்துக்கொள்ளவில்லை. தகவமைப்பில் முடிவெடுக்கும் ஆள் கிடையாது. தழுவலில் உண்டு. துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை வைத்துக் கோனன் டாயில் எழுதி 1887இல் வந்த முதல் நாவலில், பிணம் கிடக்கும் அறையின் சுவரில் ரத்தத்தால் 'ராஹே' (RACHE) என்று எழுதியிருக்கும். ரேச்சல் (RACHEL) என்ற பெண் பெயரை எழுத வந்து பாதியில் விட்டுவிட்டார்கள் என்பது இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேடின் ஊகம். ஹோம்ஸ் அதைத் தள்ளிவிட்டு, ஜெர்மன் மொழியில் 'பழி' என்பார். 2010இல் ஸ்டீவன் மொஃபாட்டும் மார்க் கேட்டிஸும் பிபிசிக்காக உருவாக்கிய 'ஷெர்லாக்' தொடரில் ஜெர்மன் விளக்கம் சொல்லி மூக்குடைபடுகிறவர் தடயவியல் ஆள் ஆண்டர்சன். ரேச்சல்தான் என்பவர் ஷெர்லாக்! மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை வேண்டுமென்றே தலைகீழாக்கியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் தகவமைப்பா?

இந்த வேலைக்கு நன்னூல் எப்போதோ இலக்கணம் வகுத்துவிட்டது. முன்னோர் நூலின் முடிபை ஒத்து, "பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி" அமைவது வழிநூல். பின்னால் வருகிறவன் விரும்பும் வேறுபாடு, அதுதான் பின்னோன் வேண்டும் விகற்பம்! ஹோம்ஸின் பைப், நிகோடின் பட்டையானது. அவருடைய நண்பர் வாட்சனின் பாக்கெட் கடிகாரம், செல்பேசியானது. வாட்சன் ஆப்கானிஸ்தானில் காயம்பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர் என்பது மட்டும் மாறவில்லை. மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை என்பது வேறு சோகம்.

தகவமைப்புக் கட்சிக்காரர்களுக்கு ஒரு வாதம் இருக்கிறது. தழுவல் என்றாலே திருட்டு வாடை அடிக்கிறதாம். சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாட்டுக் கதையை எடுத்துவிட்டு, மாட்டிக்கொண்ட பிறகு 'தழுவல்' என்று சமாளித்தவர்கள் இங்கே இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்குப் பெயர் களவு. தமிழ்த் துப்பறியும் நாவலே, ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதியதில் வளர்ந்ததுதான். ஆள் தவறாகப் பயன்படுத்தினால் ஆளைத் திட்ட வேண்டும், சொல்லை நாடு கடத்துவதா?

சரி, அடுத்த தலைவலி, ஆங்கிலத்து ரீஇமேஜினை அப்படியே பெயர்த்த 'மறுகற்பனை'. "மறுகற்பனை செய்யப்பட்ட வாட்சன்" என்கிறார்கள். முதல் கற்பனை சரியாக வராததால் இன்னொரு முறை செய்து பார்த்தார்களோ என்று தோன்றுகிறது. அமெரிக்காவின் ஹோம்ஸ் தொடரான 'எலிமெண்டரி' 2012இல் தொடங்கியது. நியூயார்க்கில் நடக்கும் அந்தக் கதையில் லூசி லியு, ஜோன் வாட்சனாக வருகிறார். 'வாட்சன் இதில் பெண்' என்றால் முடிந்தது. என்ன மாற்றினார்கள் என்று நேராகச் சொல்ல முடிகிற இடத்தில் 'செய்யப்பட்ட' எதற்கு? நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் வாக்கியத்தைப் படிப்பதில்லை, சொல்லைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஈடாக ஒன்றை வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று எழுந்துபோகிறார்கள். பொதுச்சொல் கட்டாயம் வேண்டுமென்றால் 'புதுவார்ப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். பழைய உலோகத்தை உருக்கி ஊற்றியது என்பதாவது புரியும்.

எல்லாவற்றையும் தழுவல் என்று சொல்லிவிடவும் முடியாது. 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிரெஞ்சுத் தொடர் 'லூபின்'. மோரிஸ் லெப்ளாங்க் படைத்த கனவான் திருடன் ஆர்சேன் லூபின் அதில் வருவதில்லை. ஓமர் சி நடிக்கும் அசான் டியோப், லூபின் கதைகளைச் சிறுவயதில் படித்து, அந்த வித்தைகளைத் தன் வாழ்க்கையில் செய்து பார்க்கிறவன். அதாவது, வாசகன்தான் நாயகன். வழிநூலுக்கு அப்புறம் நன்னூல் சார்புநூலைச் சொல்கிறது, கொஞ்சம் ஒத்துப் பெரும்பாலும் வேறுபடுவது. இந்தத் தொடரை நான் 'லூபின் சார்பு' என்றுதான் எழுதுவேன். தகவமைப்பு என்று திருத்தி அனுப்பும் ஆசிரியருக்கு அடுத்த கட்டுரை கிடையாது.