நெல் அம்பாரமும் இமயமலையும்

சம்பா அறுவடை முடிந்த நாட்களில் மன்னார்குடிப் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் பாதிச் சாலையை நெல் பிடித்திருக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் தகராறுதான். அதனால் காலையில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் பனி இறங்குவதற்குள் பலகையால் தள்ளி அம்பாரமாக்கி, படுதா போட்டு மூடிவிடுவார்கள். இந்தத் தை மாதம் அந்தப் பலகை என் கைக்கு வந்தது.

முதல் நாலு எட்டு சுலபமாக இருந்தது. பிறகு பலகை நகர்ந்தது, முன்னால் கிடந்த நெல் நகரவில்லை. பலகையை ஒட்டிய நெல் மட்டும் உயர்ந்துகொண்டே போனது. வரப்போரம் உட்கார்ந்திருந்த சித்தப்பா சொன்னார்: “மொதல்ல பலகைகிட்டதாண்டா ஏறும். சரிவு புடிச்ச பெறகு மொத்தமா நவுரும். நிறுத்தாம தள்ளு.”

அப்படியேதான் நடந்தது. பலகைப் பக்கம் உயரமும் முன்பக்கம் மெலிவுமாக நெல் ஓர் ஆப்பு வடிவத்துக்கு வந்தது. வந்ததும் குவியல் முழுக்க ஒரே சேர நகர்ந்தது. நகர நகர முன்னால் கிடந்த நெல்லை அள்ளிச் சேர்த்துக்கொண்டது. சேர்ந்ததும் சரிவு குறைந்தது. மறுபடி பலகைப் பக்கம் ஏறியது. மறுபடி மொத்தமாக நகர்ந்தது. சித்தப்பா இமயமலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் நெல்லுக்குச் சொன்னதைத்தான், மலைத்தொடர் குவிவதும் அப்படித்தான் என்று 1983-ல் டேவிஸ், சுப்பே, டாலன் என்ற மூன்று அமெரிக்க அறிவியலாளர்கள் கணக்காக எழுதிக் காட்டினார்கள். அவர்கள் உவமைக்கு எடுத்துக்கொண்டது புல்டோசர் தள்ளும் மண்ணையும் பனியையும். நம்மூரில் நெல்.

மடிப்பு மலை என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? ஜமக்காளத்தை இரண்டு பக்கமும் பிடித்து நெருக்கினால் மேடும் பள்ளமுமாகச் சுருங்கும், அதுதான் இமயமலை என்றார் எங்கள் வாத்தியார். பாதி சரி. ஜமக்காளம் சுருங்குமே தவிர, அறுந்து தன் மேலேயே ஏறிப் படுக்காது. மலையில் அதுதான் பெரிய விஷயம். சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியில், 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறை மேலேயும், வெறும் 5 கோடி ஆண்டு வயதுப் பாறை அதற்குக் கீழேயும் கிடக்கின்றன. நடுவில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு. கிழவனைப் பேரன் தூக்கிச் சுமப்பது மாதிரி. இரண்டு பிரம்மாண்டமான மடிப்புகள் எதிரெதிரே கவிழ்ந்ததால் வந்தது என்று அந்த நாட்டு நிபுணர்கள் பல காலம் சாதித்தார்கள். 1884-ல் மார்செல் பெர்த்ரான் என்ற பிரெஞ்சுக்காரர், மடிப்பெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு பாறைத் தகடு பல கிலோமீட்டர் வழுக்கி வந்து ஏறியிருக்கிறது என்றார். அவர் சொன்னதுதான் நின்றது. இப்படி ஏறவைக்கும் உடைவை உந்துப் பிளவு என்று சொல்லலாம்.

இந்த ஏற்றத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, வீட்டில் சும்மா கிடந்த மீன் தொட்டியில் முயன்றேன். ஆற்று மணலைச் சலித்து ஒரு அடுக்கு, அதன்மேல் மெல்லியதாகச் செங்கல் பொடி, மறுபடி மணல், மறுபடி பொடி. (மணல் பழைய கட்டட வேலையில் மிஞ்சியது, இன்றைக்கு விலை கொடுத்து வாங்கி இந்த விளையாட்டு விளையாட முடியாது.) ஒரு முனையில் பலகையை வைத்து மெதுவாகத் தள்ளினேன். முதலில் மேற்பரப்பில் லேசான புடைப்பு. பிறகு கண்ணாடி வழியாகத் தெரிந்தது: சிவப்புக் கோடு ஓர் இடத்தில் சாய்வாக அறுந்து, அறுந்த துண்டு அடுத்த துண்டின் மேல் ஏறியது. சாய்வு சுமார் 30 பாகை இருக்கும். இன்னும் தள்ளினால் அந்தப் பிளவு ஓய்ந்துபோய், அதற்கு முன்னால் புதிதாக ஒன்று வெட்டியது. பழைய துண்டு புதியதன் முதுகில் சவாரி. பத்து விரற்கடை தள்ளுவதற்குள் கூரை ஓடு அடுக்கியதுபோல் மூன்று துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. ஸ்காட்லாந்தில் ஹென்றி காடெல் என்பவர் 1880-களிலேயே மரப்பெட்டிக்குள் இதைச் செய்து பார்த்துவிட்டார்.

மடிப்பு எங்கே வருகிறது? பிளவு ஒரே சாய்வில் போவதில்லை. களிமண், உப்பு போன்ற பலமில்லாத அடுக்கு கிடைக்கிற வரை அதன் மேலாகப் படுக்கையாகவே வழுக்கும். பிறகு கெட்டியான அடுக்கைக் குறுக்கே வெட்டி மேலேறும். அடுத்த மெத்தென்ற அடுக்கில் மறுபடி படுத்துக்கொள்ளும். திண்ணைப் படியில் கோரைப்பாயைத் தள்ளி ஏற்றிப் பாருங்கள். படியின் கீழ் ஒரு வளைவு, மேல் ஒரு வளைவு என்று பாய் தானாக வளையும். மேலேறும் பாறைத் தகடும் அப்படித்தான். ஆக, மடிப்பு ஒரு சம்பவம், பிளவு வேறொரு சம்பவம் என்பது இல்லை. மேலே மடிப்பாகத் தெரிவது பெரும்பாலும் அடியில் நடக்கும் ஏற்றத்தின் முதுகு.

இனி இமயமலை. அங்கே பலகை திபெத் பக்கம் ஊன்றி நிற்கிறது. அடியில் படுதாவை யாரோ வடக்கே இழுப்பதுபோல், நம் நாட்டைச் சுமக்கும் பெரும் பாறைத் தகடான இந்தியத் தட்டு உள்ளே நுழைகிறது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதல் தொடங்கியது. படுதா மேல் கிடந்த பாறைகள் வழிக்கப்பட்டு, வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக உடைந்தன. மைய உந்துப் பிளவு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்குத் தெற்கே எல்லை உந்துப் பிளவு சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன். கடைசியாக, சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் முகப்பு உந்துப் பிளவு. இன்றைக்கும் வேலை செய்வது அதுதான். என் மீன் தொட்டியின் மூன்று துண்டுகள். மூன்றும் ஆழத்தில் ஒரே வழுக்குத் தளத்தில் போய்ச் சேர்கின்றன. சிவாலிக் குன்றுகள்தான் இதில் எனக்குப் பிடித்தவை: இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து போட்ட மணலும் கூழாங்கல்லும்தான் அவை. மலை உதிர்த்ததையே மலை மறுபடி அள்ளிக்கொண்டது. டேராடூன் பள்ளத்தாக்கு அவற்றுக்கும் உள்மலைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இடம்.

ஆனால் ஓர் இடறல் இருக்கிறது. பல கிலோமீட்டர் தடிமனுள்ள பாறைத் தகட்டைப் பின்னாலிருந்து தள்ளினால், அது நகர்வதற்கு முன் தள்ளுகிற இடத்திலேயே நொறுங்க வேண்டும். உராய்வு அவ்வளவு. பிறகு எப்படி நகர்ந்தது? 1959-ல் ஹப்பர்ட், ரூபி என்ற இருவர் விடை சொன்னார்கள்: பாறை இடுக்குகளில் அடைபட்ட நீர். வெளியேற வழியில்லாத நீரின் அழுத்தம் மேலே இருக்கும் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ள, உராய்வு குறைந்துபோகிறது. கும்பகோணம் காபிக் கடையில் இதைத் தினமும் பார்க்கலாம். அடிப்பகுதி உள்வாங்கிய டம்ளரில் சூடான காபி; துடைத்த ஈரம் காயாத மேஜை. வைத்த கணம் டம்ளர் தானாக நகர ஆரம்பிக்கும். அடியில் சிறைப்பட்ட காற்று சூடேறி விரிந்து டம்ளரைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. ஹப்பர்ட்டும் ரூபியும் குளிரவைத்த காலி பீர் கேனைக் கவிழ்த்து ஈரக் கண்ணாடியில் வழுக்கவிட்டுக் காட்டினார்கள்.

அடித்தளம் எவ்வளவு வழுக்கும் என்பதைப் பொறுத்தே மலையின் உருவமும் மாறுகிறது. தார்ச்சாலையில் தள்ளிய நெல் குட்டையாக, செங்குத்தாகக் குவியும்; வழவழப்பான படுதா மேல் தள்ளினால் நீண்டு தாழ்வாகப் போகும். பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலம் படுதா ரகம். அதன் அடியில் 50 கோடி ஆண்டுகளுக்கும் பழைய உப்பு படிந்திருப்பதால் மேற்பரப்புச் சரிவு ஒரு பாகைகூட இல்லை. அதன் தெற்கு விளிம்பில் உப்பு வெளியே தலைகாட்டுகிறது. கேவ்ரா சுரங்கம் அங்கேதான். நாட்டு மருந்துக் கடையில் நாம் இந்துப்பு என்று வாங்கும் இளஞ்சிவப்பு உப்பு, 2025-ல் பாகிஸ்தான் இறக்குமதி தடைபடும் வரை பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது. ஒரு மலைத்தொடரின் வழுக்குத் தளத்தைப் பொட்டலம் கட்டி வாங்கி ரசத்தில் போட்டிருக்கிறோம்.

வழுக்கும் என்றேன்; எப்போதும் சீராக வழுக்காது. நேபாளத்தின் அடியில் இந்தத் தளம் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது, பின்னாலிருந்து தள்ளல் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. சேர்ந்துகொண்டே இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 அன்று அதில் ஒரு பகுதி விட்டுக்கொடுத்தது. 7.8 அளவு நிலநடுக்கம். காத்மாண்டு பள்ளத்தாக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்தது. பிளவு மேற்பரப்பு வரை வந்து வெட்டவில்லை, அதனால் முன்பக்கத் தளத்தில் இறுக்கம் இன்னும் மிச்சம்.

நம் டெல்டாவின் அடியில் கதை தலைகீழ். இங்கே நிலம் நெருக்கப்படவில்லை, இழுக்கப்பட்டது. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் உடைந்தபோது, ஏறத்தாழ 13 முதல் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், பாறைக் கட்டைகள் சில இறங்கின, சில அப்படியே நின்றன. நின்ற கட்டைகளில் ஒன்றுக்குக் கும்பகோணம்-மாதானம் மேடு என்று பெயர். கும்பகோணத்தில் எத்தனை தேடினாலும் கண்ணில் படாது, அவ்வளவு வண்டல் அதை மூடியிருக்கிறது. இறங்கிய பள்ளங்களில் கிலோமீட்டர் கணக்கில் வண்டல் சேர்ந்தது. நரிமணத்து எண்ணெய் அந்தக் குடும்பத்துச் சொத்து. அசாமின் டிக்பாயில் 1889-ல் கிடைத்த எண்ணெயோ உந்துப் பிளவு தூக்கிய மடிப்பில் தேங்கியது. ஒரே நாட்டில் எண்ணெயைச் சிறைபிடிக்கும் இரண்டு விதமான பொறிகள்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னபோது, “அப்ப நம்மூருக்கும் அந்த மலைக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்லன்னு சொல்லு” என்றார். அப்படியும் சொல்ல முடியாது. நெல் அங்கே குவிந்தாலும் படுதாவின் இந்த முனை நம் காலடியில் கிடக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம், கடைமடை வரை எல்லாம் அதே தட்டின் மேல் வடக்கே போய்க்கொண்டிருக்கின்றன. மன்னார்குடிக்கும் திபெத்தின் லாசாவுக்கும் உள்ள தூரம் வருஷத்துக்கு ஏறத்தாழ இரண்டு செ.மீ. குறைகிறது. “போவட்டும், மொதல்ல படுதாவ இழுத்து மூடு, பனி எறங்குது” என்றார் சித்தப்பா.