அவுன்ஸ் எடையா, விசையா? மோட்டார் இனர்ஷியாவை மாற்றும் கணக்கு

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் சின்ன இயந்திரம் கட்டுகிறவர்கள் மேசையில் இரண்டு மூன்று மோட்டார் டேட்டாஷீட் கிடக்கும், ஒன்று அமெரிக்கா, ஒன்று ஜப்பான், ஒன்று சீனா. எல்லாவற்றிலும் ரோட்டார் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) இனர்ஷியா என்று ஒரு வரி, ஆனால் ஆளுக்கு ஒரு அலகு. வேடிக்கை என்னவென்றால், பாயான் லெப்பாஸ் வர்த்தக மண்டலம் தொடங்கிய அதே 1972-இல்தான் மலேசியாவின் எடை, அளவைச் சட்டமும் வந்தது. சட்டம் நாட்டை மெட்ரிக்குக்குத் திருப்பியது, தொழிற்சாலை மேசையில் இஞ்சும் அவுன்ஸும் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன.

நிலைமத் திருப்புத்திறன், அதாவது இனர்ஷியா, ஒரு பொருள் சுழலத் தொடங்கவும் நிற்கவும் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. எடை எவ்வளவு என்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேரும், அதுவும் தூரத்தின் வர்க்கமாக. கிளந்தானில் விடுகிற பெரிய காசிங் பம்பரத்துக்கு விளிம்பில் ஈயம் ஏற்றுவது இதனால்தான்.

மெட்ரிக் பக்கம் தலைவலி இல்லை. 1 கி.கி.மீ² என்பது 1,000 கிராம் பெருக்கல் 10,000 செ.மீ², ஆக 1 கோடி கிராம்.செ.மீ². 40 மி.மீ. நீளமுள்ள நேமா 17 (இது முகத்தகட்டின் அளவு) ஸ்டெப்பர் மோட்டாருக்கு, அதாவது படிப்படியாகச் சுழலும் மோட்டாருக்கு, பொதுவாக 54 கிராம்.செ.மீ² என்று போட்டிருக்கும். அதையே கி.கி.மீ²-இல் எழுதினால் 0.0000054, சைபர் எண்ணியே கண் வலிக்கும்.

சிக்கல் அவுன்ஸில்தான். அவுன்ஸ்.இஞ்ச்² என்று இருந்தால் அவுன்ஸ் அங்கே நிறை: 28.35 கிராம் பெருக்கல் 6.4516 செ.மீ², அதாவது 182.9 கிராம்.செ.மீ². அவுன்ஸ்.இஞ்ச்.செகண்ட்² என்று இருந்தால் அதே அவுன்ஸ் விசை ஆகிவிடுகிறது. விசையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால்தான் நிறை வரும், அந்த முடுக்கம் இஞ்ச் கணக்கில் 386.09. அதனால் ஒரு அவுன்ஸ்.இஞ்ச்.செகண்ட்² என்பது 386.09 அவுன்ஸ்.இஞ்ச்², சுமார் 70,616 கிராம்.செ.மீ². நம்ம 54 இந்த அலகில் 0.000765 ஆகும். கடைசியில் இருக்கிற செகண்ட்²-ஐக் கவனிக்காமல் 182.9-ஆல் பெருக்கினால் 0.14 கிராம்.செ.மீ² வரும். சரி, இவ்வளவு பெரிய தப்பு எப்படியும் கண்ணில் பட்டுவிடும்.

படாதது ஜப்பான் பழைய கேட்டலாக்கில் வருகிற ஜிடி². இதில் ஜி எடை, டி விட்டம் (பொருளின் வெளி விட்டம் அல்ல, எடை முழுக்க ஒரே வளையத்தில் இருப்பதாக வைத்துக்கொண்ட விட்டம்), நாம் கேட்பதோ ஆரம். ஆரம் விட்டத்தில் பாதி, பாதியின் வர்க்கம் கால், ஆகவே ஜிடி²-ஐ 4-ஆல் வகுத்தால்தான் இனர்ஷியா. அலகும் கிலோகிராம் விசை.செ.மீ² என்று, பார்க்க நம்ம அலகு மாதிரியே இருக்கும், சில இடத்தில் விசை என்ற குறியையே விட்டுவிடுவார்கள். 386 மடங்கு தப்பு உளறல் என்று உடனே தெரியும், 4 மடங்கு தப்பு நியாயமான எண் மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

சந்தேகம் வந்தால் அதே கேட்டலாக்கில் ஒரு கப்ளிங்கை, அதாவது இரண்டு அச்சுகளை இணைக்கும் துண்டைப் பிடியுங்கள், அதன் வெளி அளவு படத்திலேயே இருக்கும். அலுமினியம், விட்டம் 25 மி.மீ., நீளம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 14.7 செ.மீ³, அடர்த்தி 2.7, எடை கிட்டத்தட்ட 40 கிராம், திட உருளைக்குப் பாதி எடை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம், 31 கிராம்.செ.மீ². அச்சுத் துளையும் வெட்டுகளும் இருப்பதால் உண்மை மதிப்பு இன்னும் கொஞ்சம் குறையும். பட்டியலில் 120 பக்கம் இருந்தால் அது ஜிடி²தான்.

இவ்வளவு மெனக்கெட ஒரு காரணம் இருக்கிறது. 40 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன் அலுமினியப் புல்லி 68 கிராம்.செ.மீ², ரோட்டாரின் 54-க்குப் பக்கத்தில்தான். நடுவில் 5 மி.மீ. துளை போட்டால் குறைவது வெறும் 0.02, அதை மறந்துவிடலாம். ஆனால் அதே தடிமனில் விட்டத்தை 80 ஆக்கினால் எடை 4 மடங்கு, ஆரத்தின் வர்க்கம் 4 மடங்கு, மொத்தம் 16 மடங்கு, 1,086. ஸ்டெப்பருக்குச் சுமை ரோட்டாரைப் போல 10 மடங்குக்குள் இருக்கட்டும் என்பது கைக்கணக்கு, இது 20 மடங்கு, வேகமாகக் கிளப்பினால் ஸ்டெப் தவறும். இந்த இடத்தில் 4 மடங்கு தப்பு நுழைந்தால் 20 என்பது 5 ஆகத் தெரியும், மோட்டாரையும் ஆர்டர் பண்ணிவிடுவீர்கள்.

அப்புறம், கணினி வரைபடத்தில் வருகிற கிராம்.மி.மீ²-ஐ 100-ஆல் வகுத்தால் போதும், ஆனால் மெட்டீரியல் கொடுத்தீர்களா என்று பாருங்கள், கொடுக்காவிட்டால் சில மென்பொருள் தண்ணீரின் அடர்த்தியைப் போட்டுக்கொள்ளும். மி.மீ⁴ என்று வந்தால் அது பொருள் வளைவதற்கான கணக்கு. பெயர் மட்டும்தான் ஒன்று, அதில் எடையே கிடையாது, எதால் பெருக்கினாலும் கிராம் வராது.