‘முடியாது’ என்று சொல்ல இடம் இருக்கிறதா?

“ஊசியா போடப்போறோம்? வெறும் கொஸ்டினர்தானே மேடம்?”

மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே பரிசீலித்து ஒப்புதல் தருவது கல்லூரி நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி. அதில் உறுப்பினர் செயலராக இருக்கும் எவருக்கும் பழகிப்போன பாட்டு இது. நர்சிங், சமூகப்பணி, உளவியல், மேலாண்மை என்று எல்லாத் துறை மாணவர்களும் பாடுவார்கள். சில நேரம் ஆய்வு வழிகாட்டியான கைடும் கூடவே சேர்ந்துகொள்வார். எத்திக்ஸ் கமிட்டி என்றால் மருந்துப் பரிசோதனைக்கு மட்டும்தான் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. என் அனுபவத்தில், ‘வெறும் கொஸ்டினர்’, அதாவது கேள்வித்தாள் மட்டும்தான், என்று வருகிற ஆய்வுகளில்தான் நாங்கள் அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.

அடிக்கடி வரும் ஒன்றைச் சொல்கிறேன். முதலாமாண்டு மாணவர்களிடையே மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கருவி, பிஎச்க்யூ-9. ஒன்பதே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூகுள் ஃபார்மில் ஏற்றி விடுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதில் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போவதே மேல் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் எண்ணம் வந்ததா என்பது. ஒரு பிள்ளை இரவு ஒரு மணிக்கு அதில் ‘ஏறக்குறைய தினமும்’ என்று அழுத்தி அனுப்புகிறது. ஆய்வாளர் அந்தத் தாளைத் திறப்பது எப்போது? இலக்குவைத்த எண்ணிக்கை சேர்ந்து, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றும்போது. அதற்குள் செமஸ்டரே முடிந்திருக்கும்.

பெயர் வாங்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை யாரென்று தெரியாது. வாங்கியிருந்தால், ‘உங்கள் பதில் இரகசியமாக இருக்கும்’ என்று எழுதியதற்கு என்ன பொருள்? இதற்கு ஒரே விடை இல்லை. அதனால்தான் தரவு சேர்க்கும் முன்பே எழுதித்தரச் சொல்கிறோம். பதில்களைத் தினமும் யார் பார்ப்பார், எந்தப் பதில் வந்தால் யாரிடம் சொல்வார், அப்படிச் சொல்லப்படும் என்பது பங்கேற்பாளருக்கு முதலிலேயே தெரியுமா, கல்லூரி ஆலோசகர் இதற்கு ஒப்புக்கொண்டு கடிதம் தந்திருக்கிறாரா. படிவத்தின் கடைசித் திரையில், எந்தப் பதில் தந்தவரானாலும் எல்லோருக்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 தெரிய வேண்டும். இவ்வளவும் உங்களால் ஆகாது, அந்தக் கேள்வி உங்கள் ஆய்வுக்குத் தேவையும் இல்லை என்றால் அதை மட்டும் விட்டுவிட்ட பிஎச்க்யூ-8 இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். படிவத்தின் தலையில் ‘பெயரோ அடையாளமோ பெறப்படாது’ என்று இருக்கும். செட்டிங்ஸில் மின்னஞ்சல் முகவரியைத் தானாகச் சேகரிக்கும் வசதி ஓடிக்கொண்டிருக்கும். கல்லூரி மின்னஞ்சலில் பதிவெண்ணே இருக்கிறதே! சமர்ப்பிக்கும் முன் வேறொருவர் கைபேசியில் ஒரு முறை நிரப்பிப் பாருங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கேட்பவர் யார் என்பது. ஆசிரியர் தன் வகுப்பு மாணவர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார். டாக்டர் தன் ஓ.பி. நோயாளியை, எச்.ஆர். மேலாளர் தன் கம்பெனித் தொழிலாளியை எடுத்துக்கொள்கிறார். ‘பங்கேற்பு முற்றிலும் உங்கள் விருப்பம்’ என்று படிவத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனால் இன்டர்னல் மார்க் போடுகிறவர் முன்னால் நின்று தாளை நீட்டினால் எந்த மாணவர் முடியாது என்பார்? வகுப்புப் பிரதிநிதி ‘இன்னும் ஃபில் பண்ணாதவங்க லிஸ்ட்’ என்று குழுவில் பெயர்களை வரிசையாகப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், மேலதிகாரிக்குக் கட்டுப்பட்ட நிலையில் இருக்கும் மாணவர்களையும் பணியாளர்களையும் எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்கள் என்ற பிரிவில் வைப்பது இதனால்தான்.

அதற்காக ஆசிரியர் தன் மாணவர்களைப் பற்றி ஆய்வே செய்யக்கூடாது என்பதில்லை. வேறு துறைக்காரர் ஒருவர் வந்து விளக்கட்டும், ஆசிரியர் அறையில் இருக்க வேண்டாம். நிரப்பியவரும் நிரப்பாதவரும் ஒரே மாதிரித் தாளை மடித்து ஒரே பெட்டியில் போடட்டும். மதிப்பெண் வெளியாகும்வரை அந்தப் பெட்டி ஆசிரியர் கைக்குப் போகாமல் இருந்தால் போதும். பத்து பைசா செலவில்லை.

பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒன்றைப் புதிய உறுப்பினர்களுக்குத் தவறாமல் சொல்வேன். 2009இல், அன்றைய ஆந்திரத்தில் இருந்த கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று தொடங்கியது. பாத் என்ற அமெரிக்க அமைப்பும், மேலே சொன்ன அதே ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசும் சேர்ந்து நடத்தியது. குஜராத்தின் வடோதராவிலும் இதே திட்டம் நடந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் சில சிறுமிகள் இறந்த செய்தி பரவியதும் 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. அந்தத் தடுப்பூசியை நான் இன்றும் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன், அதில் குழப்பம் வேண்டாம்.

விசாரணையில் மாட்டிக்கொண்டது காகிதம். ஆந்திரத்தில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பழங்குடிப் பிள்ளைகள் பலர் அப்பா அம்மாவை ஊரில் விட்டு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோருக்கு ஆள் அனுப்பிக் கேட்க யாரும் மெனக்கெடவில்லை. இது ஆராய்ச்சியே இல்லை, செயல்விளக்கத் திட்டம்தான் என்று நடத்தியவர்கள் வாதிட்டார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்த வாதத்தை ஏற்காமல் கடுமையாகச் சாடியது. ‘வெறும் கொஸ்டினர்தானே’ என்பதும் இதே வாதத்தின் தம்பிதான்.

நம் பள்ளி ஆய்வுகளில் இது சின்ன அளவில் நடந்துகொண்டே இருக்கிறது. தலைமையாசிரியர் கடிதத்தை இணைத்துவிட்டு ‘ஒப்புதல் பெறப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். பள்ளிக்குள் நுழையத் தலைமையாசிரியர் விடலாம், பிள்ளை சார்பில் சம்மதிக்க அவரால் முடியாது. அது பெற்றோர் தர வேண்டியது. அதோடும் முடிவதில்லை. பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும், 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாக, 12க்கு மேல் 18 வரை எழுத்தில். அப்பா கையெழுத்துப் போட்டாலும் ஆறாம் வகுப்புப் பெண் ‘எனக்கு வேண்டாம் மிஸ்’ என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

எங்கள் குழுவில் பொதுநபர், அதாவது ஆய்வுத் துறை சாராத சாதாரண ஆள், என்ற இடத்தில் இருப்பவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. ஒரு கூட்டத்தில் நான்கு பக்கத் தமிழ்த் தகவல் தாளை விரலை ஓட்டி ஓட்டிப் படித்துவிட்டு, “ஏம்மா, இதுல முடியாதுன்னு சொல்றதுக்கு வரி எங்க இருக்கு?” என்று அந்த மாணவியைக் கேட்டார். இருந்தது. மூன்றாம் பக்கத்தில், ‘பங்கேற்பிலிருந்து விலகும் பட்சத்தில் தங்களுக்கு வழங்கப்படும் சிகிச்சையில் யாதொரு பாதகமும் நேராது’ என்று. “இத எங்கம்மா படிச்சா, விலகினா என்னமோ ஆயிடும்னு பயந்துடுவாங்க” என்றார். ‘நீங்கள் சேராவிட்டாலும் வழக்கமான வைத்தியம் அப்படியே கிடைக்கும். பாதியில் நிறுத்திக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டாம்’ என்று மாற்றி முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருந்து, வாசித்துக் காட்டியதைக் கேட்ட பிறகே கைநாட்டு.

கமிட்டிகள் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஏழு முதல் பதினைந்து பேர் இருக்க வேண்டும், தலைவர் வெளி ஆளாக இருக்க வேண்டும், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், பொதுநபர் எல்லாம் வேண்டும் என்று விதி இருக்கிறது. காகிதத்தில் எல்லோரும் இருப்பார்கள். கல்லூரி முதல்வரின் துறையிலிருந்து ஆய்வு வந்தால் யாரும் வாய் திறக்காத கமிட்டிகளும் உண்டு. எழுத்துப்பிழை திருத்தியே மூன்று மாதம் இழுக்கும் கமிட்டிகளும் உண்டு. மாணவர்கள் எங்களைத் தடைக்கல்லாகப் பார்ப்பதில் அவர்கள் தவறு மட்டும் இல்லை. ஆபத்து மிகக் குறைவான ஆய்வுக்கு முழுக் கூட்டம் தேவையில்லை, விரைவுப் பரிசீலனையிலேயே முடிக்கலாம். பரிசீலனையிலிருந்தே விலக்குத் தரக்கூடியவையும் உண்டு. ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்பதைக் கமிட்டிதான் சொல்ல வேண்டும், கைடு சொல்லக்கூடாது.

கலை அறிவியல் கல்லூரிகளில் பலவற்றில் கமிட்டியே இல்லை. உடல்நலம் தொட்ட ஆய்வு என்றால், வேறொரு நிறுவனத்தின் பதிவுபெற்ற குழுவோடு ஒப்பந்தம் போட்டு அங்கே அனுப்ப வழி இருக்கிறது. ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸ் எழுதும்போதே அதைத் தொடங்குங்கள். தரவை எல்லாம் சேர்த்துவிட்டு, ஜர்னலில் ஒப்புதல் எண் கேட்கிறார்கள் என்று ஓடி வருபவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. முன்தேதியிட்டு ஒப்புதல் தர எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை. தந்தால் அது போலிச் சான்றிதழ்.

விண்ணப்பத்தைக் கட்டும் முன் கடைசியாக ஒன்று. தகவல் தாளின் ஒரு பிரதி பங்கேற்பாளர் கையில் போக வேண்டும், அதில் ஆய்வாளர் எண்ணும் கமிட்டியின் எண்ணும் இருக்க வேண்டும். துறை அலுவலக லேண்ட்லைனைப் போட்டுவிடாதீர்கள். ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிய பிறகு அதை எடுக்க ஆளில்லை. நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர் ஏழு மணிக்குத்தான் கூப்பிடுவார்.